புகார் எண் இருக்கிறது, சபை எங்கே? சென்னை மாநகராட்சியும் மக்களின் முன்னுரிமைகளும்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு அதிகனமழை எச்சரிக்கை வந்ததும், மழை வலுப்பதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் கார்கள் வரிசை கட்டின. வீட்டுத் தரைத்தளத்தில் விட்டால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய்விடும் என்பது அந்தப் பகுதிக்காரர்கள் 2015லும் 2023லும் காசு கொடுத்துக் கற்ற பாடம். அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்ப, போலீஸ் அதை மறுத்தது. நகரின் மழைநீர் வடிகால்களுக்கு ஆயிரக்கணக்கான கோடி செலவாகியிருந்த காலம் அது. மாநகராட்சி வெளியிடும் முன்னேற்ற அறிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும்; பாலத்தின் மேல் நின்ற கார்களும் ஓர் அறிக்கைதான்.

இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம், அது ஏன் குறையவில்லை என்பதே இங்கே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநகராட்சி ஒன்றுமே செய்யவில்லை என்பது டீக்கடைப் பேச்சு, நிறையவே செய்திருக்கிறது. ஆனால் டெண்டர் விட்டு, கட்டி முடித்து, திறப்பு விழா நடத்தக்கூடிய வேலைகளில் அது வேகமாகப் போகிறது. தினமும் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலைகளில் தள்ளாடுகிறது. எது முதலில் என்று முடிவெடுக்கும் இடத்தில் குடியிருப்போர் இல்லாமல் போனதுதான் இதற்குப் பெரிய காரணம்.

1688இல் தொடங்கிய அமைப்பு, இந்தியாவிலேயே பழமையானது என்ற பெருமையை மேடைதோறும் கேட்கிறோம். இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள அதைவிட உதவும் ஆண்டு 2011. அந்த ஆண்டில்தான் 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஒன்பது நகராட்சிகள், எட்டு பேரூராட்சிகள், இருபத்தைந்து ஊராட்சிகள், ஆக 42 உள்ளாட்சிகள் ஒரே மாநகராட்சிக்குள் கரைந்தன, வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின, மண்டலங்கள் 15. இதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. அந்த இருபத்தைந்து ஊராட்சிகளிலும் கிராம சபை இருந்தது. ஊர் வாக்காளர் யாரும் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். தீர்மானம் எழுதச் சொல்லலாம். மாநகராட்சியோடு சேர்ந்த அன்று அந்த உரிமை போயிற்று. பதிலுக்கு வந்தது, பல்லாயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர்.

கவுன்சிலரும் நிலைக்கவில்லை. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அப்போது நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து ஆண்டுக்கும் மேலாக, கோடி மக்கள் புழங்கும் நகரத்தைத் தனி அலுவலர் பெயரில் அதிகாரிகளே நடத்தினார்கள். வார்தா புயல், 2019இன் குடிநீர்ப் பஞ்சம், கொரோனா எல்லாம் அந்த இடைவெளியில் வந்து போயின. இப்போது வேலை நடக்கும் பெரிய வடிகால் திட்டங்களின் வரைபடங்களும் கடன் பேச்சுகளும் பெரும்பாலும் அப்போது உருவானவை. எந்தத் தெருவுக்கு முதலில் என்று அதிகாரிகளைக் கேட்க அன்று மன்றத்தில் ஆள் இல்லை.

சென்னைக்காரர்கள் கேட்பவை என்ன? தண்ணீர், சாக்கடை அடைப்பு, தெருவில் நிற்கும் மழைநீர், குப்பை, குண்டும் குழியுமான சாலை, எரியாத விளக்கு, கொசு, இப்போது சில ஆண்டுகளாகத் தெரு நாய். எந்த வார்டில் கேட்டாலும் பட்டியல் இதுதான். வரிசை மட்டும் மாறும். ஆனால் பட்டியலில் முதலில் வரும் இரண்டும் மாநகராட்சியின் கையில் இல்லை. குடிநீரும் கழிவுநீரும் 1978இல் உருவான சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. நகரத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம், பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம், ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் நீர்வளத் துறையிடம், குடிசைப் பகுதிகள் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம். அரசமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது நகராட்சிகளுக்குத் தரத்தக்கவையாகப் பதினெட்டு பணிகளைப் பட்டியலிட்டது. சென்னையில் அவற்றுள் கனமானவை மாநில அரசின் வாரியங்களிடமே தங்கிவிட்டன.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்றால், தெருவில் கறுப்புத் தண்ணீர் வழிந்தால் 1913க்குப் போன் போட வேண்டும். அது மாநகராட்சி எண். மழைநீர் வடிகாலா, பாதாளச் சாக்கடையா என்று எதிர்முனையில் கேட்பார்கள். சாக்கடை என்றால் குடிநீர் வாரியத்தின் 1916. இரண்டு எண்ணுக்கும் மூன்றுதான் வித்தியாசம், ஆனால் பந்து அங்கும் இங்கும் போய்வரப் பல நாள் ஆகும். வழிவது எந்தக் குழாய் என்று மேலே நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? பல தெருக்களில் வீட்டுக் கழிவுநீரைத் திருட்டுத்தனமாக மழைநீர் வடிகாலில் விட்டிருப்பதால், இரண்டு துறையும் தங்களுடையதில்லை என்று சொல்ல நியாயம் இருக்கும். (மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் 1913தான். தற்செயலோ என்னவோ, நினைவில் வைக்க வசதி.)

விரிவாக்கப் பகுதிகளில் இந்தப் பிளவு இன்னும் கூர்மையாகத் தெரியும். பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் உயரமான அடுக்குமாடிகள், மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டிக்கொண்டே, தண்ணீருக்கு லாரியையும் கழிவுநீர் அகற்ற வேறு லாரியையும் ஆண்டுக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன.

மழைநீர் வடிகாலுக்கு வருவோம். மாநகராட்சியின் சாதனை, சங்கடம் இரண்டும் இங்கேதான் அடர்த்தியாக இருக்கின்றன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு நகரத்தைப் படுகைகளாகப் பிரித்து வேலை நடந்தது. அடையாறு, கூவம் படுகைகளுக்கு உலக வங்கி, வடக்கே கொசஸ்தலையாறு படுகைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, தெற்கே கோவளம் படுகைக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி என்று கடன் வந்தது. கொசஸ்தலையாறு பகுதிக்கு மட்டும் 2021இல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பர் மழையில் தியாகராய நகர், மாம்பலம் எல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் நிற்க, ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் யோசனைகளின்படி மையப் பகுதிகளில் அவசர வேலைகள் நடந்தன. 2022 மழையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. முந்தைய ஆண்டு முழங்கால் தண்ணீர் நின்ற பல தெருக்களில் சில மணி நேரத்தில் வடிந்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் எழுதுவது நேர்மையாகாது.

அந்த அவசரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 2022 அக்டோபரில், மூடப்படாமல் கிடந்த வடிகால் பள்ளத்தில் இரவில் விழுந்து ஓர் இளம் செய்தியாளர் இறந்துபோனார். தடுப்பு வைப்பதும் சிவப்பு விளக்கு மாட்டுவதும் பெரிய செலவுள்ள வேலைகளே இல்லை. கிலோமீட்டர் கணக்குக் காட்டும் அறிக்கையில் அவற்றுக்கு இடமும் இல்லை.

பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, வடசென்னையின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. வடிகாலுக்கென்று சொன்ன நாலாயிரம் கோடி எங்கே போயிற்று என்று எதிர்க்கட்சிகள் கேட்டன; செலவானது இவ்வளவு, நடப்பது இவ்வளவு என்று அரசு தரப்பு கணக்குச் சொன்னது. இரு தரப்பும் பணத்தைப் பற்றிப் பேசியதில் தண்ணீரைப் பற்றிய பேச்சு அடிபட்டுப் போயிற்று. வடிகால் தண்ணீரை எங்கிருந்தோ எங்கோ கொண்டுபோகிறது. போய்ச் சேர வேண்டிய அடையாறும் கூவமும் பக்கிங்ஹாம் கால்வாயும் நிரம்பி, முகத்துவாரத்தில் கடலும் ஏறி நின்றால், தெரு வடிகால் எத்தனை அகலமாக இருந்தும் தண்ணீர் போக வழியில்லை. பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்களை நட்டுவைத்திருக்கிறோம். தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், ஒரு காலத்தில் இருந்ததில் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. 2022இல் அதற்கு, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. சுருக்கியவர்களில் ஒருவர் மாநகராட்சியே என்பது அடுத்துக் குப்பையைப் பற்றிப் பேசும்போது வரும்.

தெற்கே கோவளம் படுகையில் வேறொரு கதை. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணற்பாங்கான பகுதிகளிலும் கான்கிரீட் வடிகால் போடத் திட்டமிட்டார்கள். இங்கே பெய்கிற மழையை மணலே குடித்துவிடுகிறது, நிலத்தடி நீரும் அதனால்தான் உப்பேறாமல் இருக்கிறது, எங்களுக்கு இது வேண்டாம் என்று குடியிருப்போர் சொன்னார்கள். விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கேட்ட இடத்தில் வடிகால் வருவதற்கு முன்னால், வேண்டாம் என்ற இடத்துக்கு அது வந்து நின்றது. திட்டம் தீட்டும் முன் ஒரு மாலை அந்த மக்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்க வேண்டிய வேலையே இல்லை.

கட்டிய வடிகாலைப் பராமரிப்பது தனிக் கதை. ஒவ்வொரு வடிகாலுக்கும் இடையிடையே வண்டல் தொட்டிகள் உண்டு. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் அவற்றை அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். அள்ளிய சகதியை அங்கேயே சாலையோரம் குவித்து வைப்பதும், வண்டி வருவதற்குள் முதல் மழை வந்து அதைத் திரும்ப உள்ளே தள்ளுவதும் சென்னைவாசிகள் அனைவரும் பார்த்த காட்சி. கேபிள்காரர்கள் இழுத்துவிட்ட ஒயர்கள் உள்ளே குறுக்காகக் கிடக்கும். அதில் பிளாஸ்டிக் சிக்கும். புதிய வடிகால் எத்தனை கிலோமீட்டர் என்று மேயர் மன்றத்தில் சொல்லலாம். பழைய வடிகாலில் தொட்டி எத்தனை முறை அள்ளப்பட்டது என்பதை எந்த பட்ஜெட் உரையிலும் நான் பெருமையாகக் கேட்டதில்லை.

குப்பை. நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல். தெற்கே பெருங்குடி, வடக்கே கொடுங்கையூர் என்று இரண்டு மலைகள். பெருங்குடிக் கிடங்கு சதுப்பு நிலத்தின் மேலேயே எழும்பியது. கொடுங்கையூர்க் கிடங்கு, ஆலைப் புகைக்கும் அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் ஏற்கெனவே பழகிப்போன வடசென்னையின் தலையில் வைத்தது. பெருங்குடியில் பயோமைனிங் முறையில், அதாவது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து மண், கல், பிளாஸ்டிக் என்று பிரித்து, எரியக்கூடியதைச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்பி, நிலத்தை மீட்கும் வேலை 2022 முதல் நடக்கிறது. கணிசமான நிலம் மீண்டிருக்கிறது. கொடுங்கையூரில் சுமார் 640 கோடி ரூபாயில் அதே வேலை பின்னால் தொடங்கியது. தெற்கு முதலில், வடக்கு அப்புறம் என்ற வரிசை இங்கும் தப்பவில்லை.

இது உண்மையான முன்னேற்றம். ஆனால் நேற்றைய குப்பையை ஒரு பக்கம் சலித்துக்கொண்டே இன்றைய குப்பையைக் கலப்படமாக இன்னொரு பக்கம் கொட்டினால் மலை எப்போது கரையும்? மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு விதியிலும் 2016ஆம் ஆண்டு விதியிலும் எழுதப்பட்டது. பேட்டரி வண்டியில் பச்சை, நீலத் தொட்டிகள் இருக்கின்றன. பிரித்துக் கொடுக்கும் வீடுகளும் உண்டு; மேலே போகப் போக எல்லாம் ஒரே காம்பாக்டரில் கலந்து போவதைப் பார்த்துவிட்டுப் பிரிப்பதை விட்ட வீடுகளும் உண்டு. பிரிக்கும் பழக்கத்தைத் தெருத்தெருவாக வளர்ப்பது சலிப்பான வேலை. அதைவிட எளிதாக ஒப்பந்தம் போடக்கூடியது எரிஉலை. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை என்ற யோசனை வந்தபோது வடசென்னை மக்கள் 2025இல் மனிதச் சங்கிலியாக நின்று வேண்டாம் என்றார்கள். அவர்களிடம் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை என்பதே அவர்களுடைய முதல் புகார்.

குப்பையை அள்ளுகிறவர்களின் கதை இன்னும் பழையது. 2000ஆம் ஆண்டு ஓனிக்ஸ் நிறுவனத்தோடு தொடங்கிய தனியார்மயம், நீல் மெட்டல் பனால்கா, ராம்கி, உர்பேசர் சுமீத் என்று பெயர் மாறி மாறி வந்தது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியும் தனியாருக்குப் போக, அங்கு ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். மாதம் 23,000 ரூபாய் அளவுக்கு வாங்கியது 16,000 பக்கம் இறங்கிவிடும் என்பது அவர்கள் அச்சம். நீதிமன்ற உத்தரவுக்குப் பின் நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. மறுநாளே தூய்மைப் பணியாளர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்களை அரசு அறிவித்தது. அவர்கள் கேட்டது வேலை நிரந்தரம். கிடைத்தது இட்லி. நகரத்தின் சுத்தம் மக்களின் முதல் கோரிக்கைகளில் ஒன்று என்றால், அதைச் செய்யும் ஆள்களின் வேலைப் பாதுகாப்பு அதற்கு வெளியே உள்ள விஷயம் ஆகாது. கால் நூற்றாண்டில் இத்தனை நிறுவனங்கள் வந்து போன பின்னும் தனியாரிடம் கொடுத்ததால் தெரு சுத்தமாயிற்று என்று நம்ப வைக்கும் சான்று என் கண்ணில் படவில்லை.

சாலை பற்றி ஒரே ஒரு விஷயம். சென்னையின் பழைய குடியிருப்புகளில் நடந்தால், வாசலிலிருந்து படியிறங்கி வீட்டுக்குள் போகும் வீடுகளைப் பார்க்கலாம். கட்டும்போது அவை தெருவைவிட இரண்டு மூன்று படி உயரத்தில் இருந்தவை. ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டுத் தெரு எழும்பிவிட்டது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்ற உத்தரவு பலமுறை வந்திருக்கிறது. ஒப்பந்ததாரருக்குப் பணம் போடும் தாருக்கு. அளந்து பார்ப்பது மேலே. வீட்டுக்காரர் என்ன செய்வார்? வசதியுள்ளவர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார். இல்லாதவர் வாசலில் ஓர் அடி உயரத்துக்குச் செங்கல் கட்டி மழைக்குக் காத்திருக்கிறார்.

நடைபாதைக்கு நல்ல கொள்கை இருக்கிறது. 2014இலேயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்று, சாலைப் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று எழுதிக்கொண்ட நகரம் இது. நாட்டில் முதன்முதலில் அப்படி எழுதியதும் சென்னைதான். 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அதன் காட்சிப் பொருள். அங்கிருந்து பத்து நிமிடம் எந்தத் திசையில் நடந்தாலும் டிரான்ஸ்பார்மர், மின்பெட்டி, கடைப் படிக்கட்டு, நிறுத்திய பைக் என்று நடைபாதை முடிந்துவிடும்.

மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் போட்ட மரப்பாதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் மணலைத் தாண்டி அலையருகே போக முடியாது என்பது எத்தனையோ ஆண்டுக் குறை. மாற்றுத்திறனாளி அமைப்புகள் விடாமல் கேட்டதால், ஆண்டுக்கு ஒருமுறை டிசம்பர் வாக்கில் தற்காலிகப் பாதை போட்டார்கள். சில நாள் கழித்துக் கழற்றிவிடுவார்கள். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவில் நிரந்தரப் பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. முதன்முறையாகக் கடலில் கால் நனைத்த முதியவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. பதினைந்து நாள் ஆவதற்குள் மாண்டஸ் புயல் பலகைகளைப் பெயர்த்துப் போட்டது. கேலிக்குப் பஞ்சமில்லை. ஆனால் மாநகராட்சி அதைப் பழுதுபார்த்துத் திரும்பத் திறந்தது. பின்னர் பெசன்ட் நகர்க் கடற்கரைக்கும் அத்தகைய பாதை வந்தது. சென்னையில் மக்களின் முன்னுரிமை ஒன்று மாநகராட்சியின் முன்னுரிமையாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அது நடந்ததற்குக் காரணம், கேட்டவர்கள் ஒரு கூட்டமாக, ஒரே குரலில், வருடக்கணக்கில் கேட்டதுதான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2013இல் தொடங்கிய அம்மா உணவகங்கள் ஆட்சிகள் மாறியும் ஒரு ரூபாய் இட்லியோடு நீடிக்கின்றன; கூரையும் பாத்திரமும் பழசாகிவிட்டாலும். மாநகராட்சிப் பள்ளிகளில் லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் படிக்கிறார்கள். பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் உதவியோடு சில பள்ளிகள் நன்றாகவே மாறியிருக்கின்றன. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஏழைகளின் முதல் மருத்துவராக ஓசையில்லாமல் இயங்குகின்றன. தெரு நாய்களின் எண்ணிக்கை 2024 கணக்கெடுப்பில் 1.8 லட்சம் என்று வந்தது. கருத்தடை மையங்களின் வேகம் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

பணம் இல்லையா என்றால், முன்பைவிட இருக்கிறது. பழைய நகரப் பகுதியில் 1998க்குப் பிறகு தொடாமலே கிடந்த சொத்து வரி 2022இல் திருத்தப்பட்டது. 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம் என ஏறியது. 2024இல் மேலும் ஆறு சதவீதம். வரியை ஏற்றியதை நான் குறை சொல்ல மாட்டேன். கால் நூற்றாண்டு ஏற்றாமல் வைத்திருந்ததுதான் தவறு. கூடுதலாகக் கட்டியவருக்குத் தன் பணம் எதற்குப் போக வேண்டும் என்று சொல்ல எங்கே இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி 2025-26 பட்ஜெட்டில் 60 லட்சம் ரூபாய். இருநூறு வார்டுக்கும் சேர்த்தால் 120 கோடி. வடிகாலுக்கும் குப்பைக்கும் போகும் ஆயிரக்கணக்கான கோடியோடு வைத்துப் பார்த்தால், தேர்ந்தெடுக்கப்பட்டவரின் விருப்பத்துக்கு விட்டுவைத்திருப்பது இவ்வளவுதான். மேயருக்கும் நிலைமை பெரிதாக வேறில்லை. 2022இல் ஆர். பிரியா, சென்னையின் முதல் தலித் பெண் மேயராக, இருபத்தெட்டு வயதில் பொறுப்பேற்றது வரலாறுதான். ஆனால் நிர்வாக அதிகாரம், மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம்.

இந்த இடத்தில் ஆலந்தூரை நினைவுபடுத்த வேண்டும். இன்று மாநகராட்சியின் பன்னிரண்டாவது மண்டலமாக இருக்கும் ஆலந்தூர், 1990களின் கடைசியில் தனி நகராட்சி. அன்றைய தலைவர் ஆர்.எஸ். பாரதி. ஊருக்கு என்ன முதலில் வேண்டும் என்று கேட்டபோது பாதாளச் சாக்கடை என்றார்கள். அதற்கு முழுப் பணம் இல்லை. குடியிருப்போர் சங்கங்களோடு தெருத்தெருவாகக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். வீட்டு இணைப்புக்கு ஐந்தாயிரம் ரூபாய் முன்பணம் கேட்டார்கள். ஒரு அடி குழாய் பதிக்கும் முன்பே ஆயிரக்கணக்கான வீடுகள் பணம் கட்டின. சாக்கடை வந்தது. இந்தியா முழுவதிலுமிருந்து நகராட்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு லட்சத்துச் சொச்சம் மக்கள் கொண்ட ஊரில் எது முதலில், யார் எவ்வளவு கொடுப்பது என்பதைப் பேசித் தீர்த்த முறை அது. 2011இல் ஆலந்தூரை இணைத்துக்கொண்ட மாநகராட்சி, அந்தக் குழாய்களோடு அந்த முறையையும் வாங்கிக்கொண்டிருக்கலாம்.

அதற்கான சட்ட வழி வந்தது 2022இல். அந்த ஆண்டு ஜூனில் வார்டு குழு, பகுதி சபை விதிகளைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதுவரை சென்னையில் பல வார்டுகளைச் சேர்த்த மண்டலக் குழுவையே வார்டு குழு என்று கணக்குக் காட்டினார்கள். புதிய விதிப்படி ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில் ஒரு குழு. வார்டைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை. 200 வார்டுக்கு 2,000 சபைகள். பகுதியின் வாக்காளர் அனைவரும் அதில் உறுப்பினர். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று மாநிலம் முழுக்கக் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சர் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் கலந்துகொண்டார்.

அதன் பிறகு? சில வார்டுகளில் ஒழுங்காக நடக்கிறது. பல வார்டுகளில் கவுன்சிலரின் வட்டத்துக்குள் தகவல் சொல்லி, முப்பது நாற்காலி போட்டு, போட்டோ எடுத்து முடிகிறது. பகுதிப் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம். அதனால் கவுன்சிலர் கைகாட்டுகிறவரே வருகிறார். கிராம சபைத் தீர்மானத்துக்கு இருக்கும் கனம் இங்கே எழுதும் தீர்மானத்துக்கு வரவில்லை. சபை சொன்ன முன்னுரிமை மண்டலப் பொறியாளரின் மதிப்பீட்டில் எந்த வரியில் ஏறியது, ஏறாவிட்டால் ஏன் என்று பதில் எழுதித் தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

சங்கம் இருக்கும் காலனிகளுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. அவர்களிடம் வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள், வழக்குப் போடவும் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலைக்காரர்கள் தீர்ப்பாயத்துக்குப் போனது அப்படித்தான். சபை தேவைப்படுவது சங்கம் இல்லாதவர்களுக்கு. இதில் மிக மோசமாக ஏமாந்தவர்கள் 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள். நகரத்தின் வெள்ளத் தடுப்புக்காக வீட்டை இழந்தவர்கள் போய்ச் சேர்ந்த இடம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே ஓர் ஊராட்சி. வீட்டோடு சென்னை வார்டில் இருந்த ஓட்டும் போயிற்று.

1913க்கு வரும் புகார்களைக் குறைத்து மதிப்பிடவில்லை. விளக்கு எரியவில்லை என்று ஒருவர் சொன்னால் விளக்கு எரிகிறது, பல நேரம் மறுநாளே. ஆனால் புகார் தனி ஆளின் குரல். இந்தத் தெருவில் முதலில் வடிகாலைத் தூர்வாருவதா, நடைபாதை போடுவதா, கழிப்பறை கட்டுவதா என்று தனி ஆள் போனில் முடிவு செய்ய முடியாது. பத்துப் பேர் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டுத்தான் அது முடிவாகும். மாநகராட்சி தன் மக்களை ஒவ்வொருவராகக் கேட்கப் பழகிக்கொண்டது. கூட்டமாகக் கேட்க இன்னும் தயங்குகிறது. வாசலில் அவர்கள் கூட்டமாக வந்து உட்காரும்போது போலீஸைக் கூப்பிடுகிறது.

இப்போதைய மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. 2016இல் நடந்தது போலத் தேர்தல் தள்ளிப்போகாமல் இருந்தால், ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருவார்கள். வருகிறவரிடம் ரோடு போட்டுத் தருவீர்களா என்று கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கள் பகுதிப் பிரதிநிதி யார், போன கூட்டத்தில் எழுதிய தீர்மானம் என்ன ஆயிற்று? விதிப்படி பகுதி சபை ஆண்டுக்கு நான்கு நாள் கூட வேண்டும்: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. அழைப்பு வரவில்லை என்றாலும் போங்கள்; நீங்கள் அந்தப் பகுதியின் வாக்காளராக இருந்தால் போதும்.